பத்துக்கு மூன்று

வைஜயந்திக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி வலித்ததுதான்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய பல் மருத்துவமனை. தேர்வுக்கு வந்தவர்களின் பல்லில் குளிர்ந்த ஊசிமுனையை வைத்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார்கள். காலையில் நான்கு என்றவர்கள் மாலையில் ஆறு என்றார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் எட்டு என்றார்கள். வைஜயந்தி மட்டும் எப்போது கேட்டாலும் ஐந்து என்றாள். சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்து, ஆலை மூடியபின் வீட்டில் இருந்தவள் அவள். தன்னிடம் இப்படி ஒரு திறமை இருப்பது அவளுக்கே தெரியாது.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தோம்," என்றார் டாக்டர் இந்துமதி. வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், பேசும்போது எதிரில் இருப்பவரின் தாடையையே பார்க்கும் பழக்கம் உள்ளவர். "கடைவாய்ப் பல்லை எலும்புக்குள்ள இருந்து அறுத்து எடுக்கறோம். மரப்பு விட்டதும் வலி வரும். மாத்திரை கொடுக்கறோம். எந்த மாத்திரை நல்லா கேக்குது? நோயாளியைக் கேட்டா ஒருத்தர் ரெண்டும்பார், ஒருத்தர் பத்தும்பார். ரெண்டு பேர் சொல்ற ‘ரெண்டு’ம் ஒண்ணா? எப்படி ஒப்பிடறது?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும் டாக்டர்?"

"அவங்க வலியை நீங்க படணும். எல்லார் வலியையும் ஒரே ஆள் பட்டா, ஒப்பிடலாம் இல்லையா?"

அதற்கான கருவி, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் விரலகலப் பட்டை. நோயாளிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நோயாளியின் கீழ்த்தாடை நரம்பில் ஓடுவதை எடுத்து வந்து அவளுடைய நரம்பில் ஓடவிடும். அவளுக்கு எந்தக் காயமும் ஆகாது. கழற்றினால் அடுத்த நொடி ஒன்றும் இருக்காது. வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் எல்லோரும் வலிச்சாட்சி என்றே சொன்னார்கள்.

முதல் சுற்றில் நான்கு வகை மருந்துகளை ஒப்பிட்டார்கள். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், இரண்டும் சேர்த்து, கடைசியாக டிரமடால் என்ற கடுமையான மருந்து. எல்லா மாத்திரையும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சின்ன அறையில் இரண்டு சாய்வு நாற்காலி. நோயாளி ஒன்றில் படுப்பார், அவள் மற்றதில். மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் ஒரு எண் சொல்லுவாள். பிறகு அவ்வப்போது ஒன்று. சில பேரிடம் ஏழில் தொடங்கிய வலி, வெயிலில் வைத்த ஐஸ்கட்டி போலக் கரைந்து ஒன்றுக்கு வந்துவிடும். அப்போது அவளுக்கும் கண் சொக்கும். சிலரிடம் ஏழு ஐந்தாகி, அங்கேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். வெளியே போகும்போது செவிலியர் ஷகிலா நோயாளியிடமும் சம்பிரதாயத்துக்கு ஒரு எண் கேட்டு வைத்துக்கொள்வாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாக வைஜயந்திக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் முடிவு வந்தது. பாராசிட்டமால் தனியாகக் கொடுத்தால் கடைசி இடம். ஐபுபுரோஃபென் அதைவிட மேல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது எல்லாவற்றையும் தாண்டி நின்றது. தலைசுற்றலையும் வாந்தியையும் கூடவே கூட்டி வரும் டிரமடால் அதற்குக் கீழேதான் வந்தது. டாக்டர் இந்துமதி அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழக்கமாகிப் போற மருந்தை இனிமே பல்லு பிடுங்கினவங்களுக்கு எழுத வேண்டியதில்லை. எத்தனை பேரை நீங்க காப்பாத்தியிருக்கீங்க தெரியுமா?"

அன்று வைஜயந்தி பெருமையோடுதான் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளுடைய தங்கை சுகன்யாவும் தங்கையின் பெண் குழந்தையும் இருந்தார்கள். சுகன்யாவின் கணவன் வெளிநாட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை மாடிப்படியில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அலறியது. வைஜயந்தி ஓடிப்போய்த் தூக்கினாள். காயத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடா. ரெண்டுதான். ரெண்டுக்கு இவ்வளவு அழுவாங்களா?"

சுகன்யா குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அக்கா, நீ அளக்காத. ஊதிவிடு, போதும்."

வைஜயந்தி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து குழந்தை விழுந்தால் அவளிடம் வருவதில்லை.

ஒப்பீடு முடிந்தபின் பட்டையைச் சும்மா வைத்திருக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து போனவர்கள் நான்கைந்து நாள் கழித்து வலி என்று திரும்பி வருவார்கள். கூட்டம் அதிகம், மருத்துவர்கள் குறைவு. ஒரு விதி போட்டார்கள். வலி என்று வருபவர் முதலில் சாட்சி அறைக்குப் போக வேண்டும். ஐந்துக்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கலாம். குறைவாக இருந்தால் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மயில்சாமி அப்படித்தான் வந்தார்.

கணபதியில் பம்புசெட் வார்ப்படம் செய்யும் பட்டறையில் அச்சுக்கட்டுபவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. கீழ் இடது கடைவாய்ப் பல்லை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். கூடவே மனைவி தெய்வானை.

"முதல் ரெண்டு நாளு நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றார் தெய்வானை. "நேத்துலருந்துதான் இப்படி. சோறு தண்ணி இல்லீங்க. இவரு அழுது நான் பாத்ததே இல்லீங்க."

"எத்தனைங்க வலிக்குது? பத்துக்கு?" வைஜயந்தி பட்டையை ஒட்டிக்கொண்டே கேட்டாள். பேச்சுக்குக் கேட்டதுதான்.

"பத்துங்க," என்றார் மயில்சாமி. "காதுக்குள்ளாற ஆணி அடிக்கற மாதிரி இருக்குதுங்க. நெத்திப்பொட்டுல போய்த் தெறிக்குது."

பட்டை உயிர்த்தது. இடது தாடையில் மந்தமாக ஒரு கனம். வைஜயந்தி கண்ணை மூடிக் காத்திருந்தாள். கனம் கூடவில்லை. இதைவிடப் பெரிய வலிகளோடு, முகத்தைக்கூடச் சுளிக்காமல் வந்து படுத்த பெண்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

"மூணு," என்றாள்.

மயில்சாமி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் மறந்திருப்பாள். அடுத்தவர் முன்னால் தன் துணி நழுவிவிட்டவரைப் போல அவர் வெட்கப்பட்டார்.

"மூணுங்களா?" என்றார் தெய்வானை.

"ஆமாங்க. மெஷின் தப்பாச் சொல்லாது. நாளைக்கே சரியாப் போயிடும். அதே மாத்திரையைப் போடச் சொல்லுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். யாரும் அவருடைய வாயைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்த்திருந்தால் பல் இருந்த குழியில் ரத்தம் உறையாமல் எலும்பு வெறுமனே தெரிந்திருக்கும். குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணித்திரியை வைத்து அனுப்பியிருப்பார்கள். கால் மணி நேர வேலை. அந்த வலிக்கு மாத்திரை சரிவரக் கேட்காது என்பதும் அங்கே படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கே தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஷகிலா வந்து சாட்சி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"அந்த வார்ப்படப் பட்டறைக்காரரு, மயில்சாமி. இறந்துட்டாருக்கா. பெரியாஸ்பத்திரியில."

"பல்லாலயா?"

"இல்லக்கா. ஈரல். வலி தாங்காம கடையில மாத்திரை வாங்கிப் போட்டிருக்காரு. நம்ம கொடுத்ததையும் போட்டிருக்காரு. ரெண்டு கடையில ரெண்டு பேரு போட்ட மாத்திரை. எல்லாத்துலயும் பாராசிட்டமால்தான். அவருக்கு எப்படித் தெரியும்? கைநிறைய அள்ளிப் போட்டிருக்காரு. ஈரல் வெந்துபோச்சுன்னு சொல்றாங்க."

வைஜயந்தி காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். அங்கே பட்டை இல்லை. ஆனாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

விசாரணை நடந்தது. பட்டையைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. அவள் பல்லில் மறுபடியும் குளிர்ந்த ஊசிமுனையை வைத்தார்கள். ஐந்து என்றாள். எந்தத் தவறும் நடக்கவில்லை என்று முடிவு சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவள் எழுந்தாள். நேரே டாக்டர் இந்துமதியின் அறைக்குப் போனாள்.

"நான் மரத்துப் போயிட்டேனா டாக்டர்? நிஜத்தைச் சொல்லுங்க."

"இல்லை. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. பட்டை அந்த ஒரு நரம்பைத்தான் கேக்கும். அவருக்கு வலி காதுக்கும் பொட்டுக்கும் வேற வழியாப் போயிருக்கு. அது போக, நரம்புல வர்றது வேற, அதை அவர் மூளை என்னவா ஆக்கிக்கிச்சுங்கறது வேற. அது பட்டைக்குத் தெரியாது."

"அப்ப அது தெரிஞ்சும் எதுக்கு..."

"நானூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த வித்தியாசமெல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். மாத்திரைக்கு மாத்திரை ஒப்பிட அது போதும். தனி ஒரு ஆளை உட்கார வெச்சு, உனக்கு இவ்வளவுதான் வலின்னு சொல்றதுக்காக இதைச் செய்யவே இல்லை. நான் அப்பவே நிர்வாகத்துல சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலையே டாக்டர்."

முதல் தடவையாக இந்துமதி வைஜயந்தியின் தாடையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

திரும்பி வருபவர்களை அளக்கும் விதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே மருந்து ஒப்பீட்டின் இரண்டாவது சுற்று தொடங்கியது. முதல் சுற்றின் முடிவு நிற்கிறதா என்று பார்க்க, அதே மாத்திரைகள், புதிய நோயாளிகள். மற்ற ஊர் மருத்துவமனைகளும் பட்டைக்காகக் காத்திருப்பதாகப் பேச்சு.

வைஜயந்தி வேலையை விட்டுவிடத்தான் நினைத்தாள். தான் போனால் அந்த நாற்காலியில் இன்னொருத்தி வந்து படுப்பாள், அவளுக்கு மயில்சாமியைத் தெரியாது என்று தோன்றியது. அதனால் போகவில்லை. ஆனால் இரண்டாவது சுற்றின் முதல் நாளிலிருந்து தன் பட்டையில் வலியைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டாள். எதுவும் அவளிடம் வரவில்லை. நோயாளியின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள். அவர்கள் சொன்ன எண்ணையே தன்னுடையதாகச் சொன்னாள்.

கேட்பது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம். மாமியார் வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைம்மா?"

"பரவால்லீங்க. ரெண்டு இருக்குங்க."

வைஜயந்தி எழுந்து, மாமியாரிடம் வெளியே காபி நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து படுத்தாள்.

"இப்பச் சொல்லு கண்ணு. எனக்காகச் சொல்ல வேண்டாம்."

அந்தப் பெண் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணோரம் வழிந்ததைத் துடைக்காமலே சொன்னாள். "ஏழுங்க. எட்டுன்னுகூட வெச்சுக்கலாங்க."

இப்படியே போயிற்று. பட்டறைக்காரர்கள் குறைத்துச் சொன்னார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டிச் சொன்னார்கள். சிலரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. சிலரிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியிருந்தது. சொன்னதை நம்பிவிட்டால் அடுத்த தடவை அவர்களே கொஞ்சம் யோசித்துச் சொல்வதை அவள் கவனித்தாள். தான் செய்வது மோசடி என்பது அவளுக்குத் தெரியும். மருந்து ஒப்பீடு முழுக்கக் குழம்பிப்போகும், ஒருநாள் பிடிபடுவோம், அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சுற்று முடிந்ததும் டாக்டர் இந்துமதி அவளைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்படியே வந்திருக்கு வைஜயந்தி. அதே வரிசை. ரெண்டும் சேர்ந்ததுதான் முதல், பாராசிட்டமால் மட்டும் கடைசி. போன தடவையைவிட இன்னும் தெளிவா இருக்கு. உங்க உடம்பு பழகப் பழகக் கூர்மையாகுது."

வைஜயந்தி நின்றுகொண்டே இருந்தாள்.

"டாக்டர், நான் பட்டையை அணைச்சு வெச்சிருந்தேன்."

"என்னது?"

"ஒரு ஆளோட வலியையும் நான் படலை. அவங்களையே கேட்டேன். அவங்க சொன்னதைச் சொன்னேன். அவ்வளவுதான்."

இந்துமதி கத்துவார் என்று வைஜயந்தி எதிர்பார்த்தாள். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா டாக்டர்? வெறுமனே கேட்டாலே அதே பதில்தான் வருது."

"ஆச்சரியமில்லை," என்றார் இந்துமதி. "முதல் சுற்றுலயும் அப்படித்தான். ஷகிலா வாசல்ல கேட்டு வாங்கினாளே, அந்த எண்ணை எல்லாம் நான் சேர்த்துப் பார்த்தேன். உங்க வரிசையும் அதுவும் ஒண்ணுதான். ஒரு இடம்கூட மாறலை."

வைஜயந்தி மேசைக்கு அருகே வந்தாள். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் நான் எதுக்கு?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியும் நான் ஜனங்களைக் கேட்டிருக்கேன் வைஜயந்தி. வருஷக்கணக்கா. டிரமடாலைவிட ரெண்டும் சேர்த்தது நல்லாக் கேக்குதுன்னு அவங்க சொன்னதைத் தூக்கிட்டுப் போய் எல்லா இடத்துலயும் காட்டினேன். நோயாளிங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அதை எப்படி நம்பறதுன்னாங்க. மெஷின் வழியா, உங்க உடம்பு வழியா வந்ததும் ஒரே நாள்ல நம்பிட்டாங்க. நல்ல காரியம் நடந்தா சரின்னு நான் பேசாம இருந்தேன்."

"மயில்சாமி சொன்னதையும் யாரும் நம்பலை டாக்டர். நானே நம்பலை."

இந்துமதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இதை வெளியே சொன்னா பட்டையோட சேர்ந்து மருந்து முடிவும் போயிடும். மறுபடியும் எல்லாருக்கும் டிரமடால் எழுதுவாங்க. யோசிச்சுப் பாருங்க," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

வைஜயந்தி யோசித்தாள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யாரிடம் எதைச் சொல்வது என்பது அவளுக்குத் தெளிவாகவில்லை. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போய்ச் சொல்லியாக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் மதியம் கணபதிக்குப் போனாள். பட்டறைகள் வரிசையாக இருந்த தெருவுக்குப் பின்னால், ஓட்டு வீடு. தெய்வானைக்கு அவளை அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள வைஜயந்திக்குக் கூசியது.

"ஏனுங்க, ஆஸ்பத்திரியில ஏதாச்சும் கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். அன்னிக்கு நான் ஒரு எண் சொன்னேன்..."

"மூணுன்னு சொன்னீங்க," என்றார் தெய்வானை. எதிரே தரையில் உட்கார்ந்தார். "தினமும் அதைத்தானுங்க நினைச்சுக்குவேன். அவரு போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கற ஒரே ஆறுதல் அதுதானுங்க. எப்படியோ போயிட்டாரு. ஆனா ரொம்ப வலிபட்டுப் போகலை. மூணுதான் இருந்துச்சுன்னு மெஷினே சொல்லுச்சே. அப்படித்தானுங்களே?"

பஸ்ஸில் வரும்போது வைஜயந்தி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த சொற்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். இந்தப் பெண்மணி ராத்திரி தூங்குவார். அதில் என்ன குற்றம்? நல்ல காரியம் நடந்தால் சரி என்று டாக்டர் இந்துமதியும் இப்படித்தான் பேசாமல் இருந்திருப்பார்.

"இல்லீங்க," என்றாள் வைஜயந்தி. "அவர் பத்துன்னு சொன்னாரு. பத்துதாங்க இருந்துச்சு. மெஷினுக்கு அது தெரியலை. எனக்கும் தெரியலை. அவர் சொன்னதை நான் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வரலை. அவர் பொய் சொல்லலைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பக்கத்துப் பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் சத்தம் நின்று, மறுபடியும் தொடங்கியது.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் தெய்வானை. "பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதுங்களா? தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. அப்பவும் நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? படிச்சவங்க மூணுன்னு சொல்லியாச்சு, எதுக்கு இந்த நடிப்பு, லீவு போடறதுக்கான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவரு எங்கிட்ட வலிக்குதுன்னே சொல்லலீங்க. எனக்குத் தெரியாமப் போய் மாத்திரை வாங்கியிருக்காரு."

வைஜயந்தி எழுந்து அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை. தெய்வானை சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எம்பட புள்ள காலேஜ் முடிஞ்சு வர்ற நேரமுங்க. கொஞ்சம் இருந்து அவகிட்டயும் ஒருக்கா சொல்லிட்டுப் போறீங்களா? உங்கப்பன் நடிக்கறான்னு நான்தானுங்க அவகிட்டச் சொன்னேன். கடைசி நாலு நாளு அவ அப்பாகிட்டப் பேசவே இல்லை."

"இருக்கேங்க," என்றாள் வைஜயந்தி.

தெய்வானை அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார். வைஜயந்தி வாசலைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.